ஐம்பத்து மூன்றாவது படி

விடிகாலை மூணே முக்கால் மணி. அசோக் நகரில் ஒரு உள்தெரு. பால் வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறது. தெரு விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிகிறது… நாய்கள்கூட ஏதோ காருக்கு அடியில் போய்ச் சுருண்டுவிட்டன. அந்தத் தெருவில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று. லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடியில் வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார்.

கீழே கேட் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஆனால் படியில் கால் சத்தம் கேட்கிறது.

டக்… டக்… டக்… கீச்.

கனமான பூட்ஸ். இடது கால் பூட்ஸில் மட்டும் அந்தக் கீச்.

அவர் எண்ணுகிறார். மாடிக்குப் பதினெட்டுப் படி. மூன்று மாடிக்கு ஐம்பத்து நாலு. ஐம்பத்தொண்ணு… ஐம்பத்து ரெண்டு… ஐம்பத்து மூணு.

நின்றுவிட்டது. ஒரு படி பாக்கி.

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. அந்தப் போர்வையைக் கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கோங்க. இது என் சிநேகிதி தேவானையின் கூடப்பிறந்த அண்ணனுக்கு நடந்தது. பேர் அய்யாதுரை. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தி. நகரில் உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னதாகக் கட்பீஸ் கடை வைத்திருந்தார். படியில் வந்து நின்றது அவருடைய ஒரே பெண், தீபிகா.

அவள் செத்து அன்றைக்கு இருபத்து மூன்று நாள்.

தொண்ணூற்று ஏழாம் வருஷம் அது. தீபிகாவுக்கு இருபத்தைந்து வயது. அடையாறில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் வேலை. அதே கட்டடத்தின் மேல் மாடியில் ஷரஃபுதீன் என்று ஒருவர் ஆபீஸ் வைத்திருந்தார். இருபது வருஷமாக மலை ஏறுகிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, இமயமலையில் ஏதாவது ஒரு பனிச் சிகரத்துக்கு ஏற்றிப் பத்திரமாக இறக்கிக் கூட்டி வருவார். அவர் பேச்சைக் கேட்டு தீபிகா முந்தின வருஷமே உத்தரகாசிக்குப் போய் ஒரு மாசம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் டூர் என்று சொல்லித்தான் போனாள். திரும்பி வரும்போது மூக்கும் கன்னமும் பனி வெயிலில் வெந்து தோல் உரிந்து கிடந்தது. அந்த வாரமே விருதுநகரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காபியைக் குடித்துவிட்டு, "பொண்ணுக்குத் தோல்ல ஏதும் வியாதியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அய்யாதுரைக்கு அது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. ஏப்ரல் மாசம் அவள் நிஜமான சிகரத்துக்கே போகிறேன் என்று வந்து நின்றபோது, சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"இந்தத் தடவை போனேன்னா எங்கிட்டப் பேசாத. நானும் பேசமாட்டேன்."

"சரிப்பா," என்றாள் அவள்.

அப்படி ஒரே வார்த்தையில் சரி என்பாள் என்று அவர் நினைக்கவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் தெரியவில்லை. அப்பனும் மகளும் ஒரே வார்ப்பு.

அதிலிருந்து பேச்செல்லாம் பேச்சியம்மாள் வழியாகத்தான். அவர் மனைவி. ராத்திரி சாப்பிடும்போது மகள் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள்.

"பேச்சி, எத்தனை உசரமாம் அது? ஒம் மவகிட்டக் கேளு."

"அம்மா, ஆறாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலன்னு சொல்லு."

அய்யாதுரைக்கு மீட்டர் என்றால் துணிதான். "ஒரு தான் துணி, ஒரு சுருட்டு, இருபது மீட்டர். அப்பம் முந்நூறு சுருட்டு. நம்ம கடையில மொத்தச் சரக்கே அவ்வளவு கெடையாது. அது மேல போயி ஏறணுமாக்கும்."

"படுக்க வெச்சு அளக்கக் கூடாது, நிமித்தி வெச்சுப் பாக்கணும்னு சொல்லும்மா."

"நான் என்ன டெலிபோன் ஆபீசா?" கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போவாள் பேச்சியம்மாள்.

தினம் விடிகாலை மூணே முக்காலுக்கு அந்தப் பெண் எழுந்துகொள்வாள். மலைக்கு வாங்கின பூட்ஸை மாட்டிக்கொண்டு, முதுகுப் பையில் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு, மாடிப்படியில் ஏறி இறங்குவாள். நாற்பது தடவை. டக்… டக்… டக்… கீச்.

இரண்டாவது மாடி சுப்பராமன் மாமா ஒரு நாள் படியிலேயே மறித்துக்கொண்டார். "ஏண்டி கொழந்தே, நீ மலை ஏறப் போறயா, எங்க தலை மேல ஏறப் போறயா? தெனம் அந்தக் கீச் கீச்லதான் முழிச்சுக்கறேன்."

"எண்ணெய் கூட விட்டுப் பாத்துட்டேன் மாமா. போக மாட்டேங்குது."

"சரி, சரி. நான் பம்பாய்க்குப் பிள்ளையாத்துக்குப் போயிண்டிருக்கேன். ரெண்டு மாசம் நன்னா ஏறு."

மாமாவுக்குத் தெரியாது, இன்னொருத்தரும் தினம் அந்தச் சத்தத்தில்தான் விழித்துக்கொள்கிறார் என்று. அய்யாதுரை கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடியே எண்ணுவார். முப்பத்தெட்டு… முப்பத்தொன்பது… நாற்பது. எண்ணி முடிந்து கதவு திறக்கிறபோது சுவர் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஷரஃபுதீன் கொடுத்த பட்டியல். கண்ணாடி, கயிறு, தூங்குகிற பை… ஒவ்வொன்றாக அவள் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். 'கையுறை, மூன்று ஜோடி' என்ற இடத்தில் மட்டும் இரண்டு டிக்தான். மூன்றாவது ஜோடி சுத்தக் கம்பளியாக இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. மே மாசத்து மெட்ராஸில் கம்பளிக் கையுறைக்கு எங்கே போவது? தண்ணீர் எடுக்கப் போகிறபோதெல்லாம் அய்யாதுரையின் கண்ணில் அந்தக் காலி இடம் பட்டுக்கொண்டே இருந்தது.

யாருக்கும் சொல்லவில்லை. லூதியானாவில் ஸ்வெட்டர் மொத்த வியாபாரம் பண்ணுகிறவர் ஒருவரைத் தெரியும். அவருக்குப் போன் போட்டார். எட்டாம் நாள் கடைக்குப் பார்சல் வந்தது. மெரூன் கலர் கையுறை, ஒரு ஜோடி. துணிக்காரர் இல்லையா… வந்த சரக்கைச் சோதிக்காமல் விடுவாரா? வலது கையுறையின் மணிக்கட்டில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினார். நூல் உருகி உருண்டையானால் அது கலப்படம். இது கருகியது. கடை முழுக்கக் கருகின தலைமுடி வாசனை. சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தார். பொடிப் பொடியாகப் போயிற்று.

"சுத்தக் கம்பளி," என்றார், கேட்க ஆளே இல்லாத கடையில்.

இழை உருவின இடம் பிரிந்துகொண்டு வந்துவிடக் கூடாதே. கல்லாப் பெட்டிக்குள் கிடந்த நீல நூலை எடுத்துப் பல்லால் கடித்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டார்.

வாங்கியாயிற்று. எப்படிக் கொடுப்பது? கொடுக்கவேண்டுமானால் கூப்பிடவேண்டுமே.

அவள் கிளம்புகிற அன்றைக்குச் சாயந்தரம், வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற செருப்பு ஸ்டாண்டின் மேல் அதை வைத்தார். பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூட்ஸ் போட அவள் அங்கேதானே குனியணும். கண்ணில் படாமலா போகும்?

ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரலில் ரயில். எட்டு மணிக்கு ஆட்டோ வந்துவிட்டது. தீபிகா குனிந்தாள். பூட்ஸைக் கட்டினாள். மெதுவாகத்தான் கட்டினாள். நிமிர்ந்தாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள்.

பேப்பர் அசையவில்லை.

"அம்மா… அப்பாகிட்டப் போயிட்டு வரேன்னு சொல்லு."

டக்… டக்… கீச்… படி இறங்கிப் போய்விட்டாள். பேச்சியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாடியே போனாள்.

அய்யாதுரை பேப்பரை இறக்கிப் பார்த்தார். கையுறை வைத்த இடத்திலேயே இருந்தது.

எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். கீழே ஆட்டோ உறுமிக்கொண்டு நிற்கிறது. அவள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். முழங்கைதான் தெரிகிறது. கிளம்பவில்லை. டிரைவர் சத்தம் போடுவது மேலே கேட்டது.

"இன்னாமா, இன்னும் யாருக்கு நிக்கிற? ஆட்டோ நிக்கும், ரயிலு நிக்காது."

அய்யாதுரை வாயைத் திறந்தார்… மூடிக்கொண்டார்.

வாசல் தாண்டிவிட்டவர்களைப் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது. தூரப் பிரயாணம் கிளம்பினவர்களை அப்படிக் கூப்பிட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம்மில் எல்லாருக்கும் தெரியும். அவர் கடையிலேயே, சரக்கு எடுக்கக் கிளம்புகிற ஆளை யாராவது பின்னால் கூப்பிட்டால் அன்றைக்கு அந்த ஆளைப் போகவே விடமாட்டார். அவ்வளவு சகுனம் பார்ப்பார். இப்போது பெற்ற பெண்ணை, மலைக்குப் போகிறவளை, தானே கூப்பிடுவதா?

அதுதான் காரணம் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். தேவானையிடமும் சொன்னார். சகுனத்துக்காக வாயை மூடினாரா, முப்பத்தாறு நாள் பிடித்த வீம்புக்காக மூடினாரா… அது அவருக்கே தெரியாது, கண்ணுகளா.

ஆட்டோ போய்விட்டது. பேச்சியம்மாள் மேலே வருவதற்குள் கையுறையைப் பனியனுக்குள் செருகிக்கொண்டார். மறுநாள் கடைக்குக் கொண்டுபோய் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

டெல்லியிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. அவர்தான் எடுத்தார். "அப்பா?" என்றது குரல். ரிசீவரை அப்படியே பேச்சியம்மாளிடம் நீட்டிவிட்டார்.

அதுதான் அவர் கடைசியாகக் கேட்டது.

ஜூன் ஏழாம் தேதி, சிகரத்துக்குப் போகிற வழியில் தவறி ஒரு பனிப்பிளவுக்குள் விழுந்துவிட்டாள். உடம்பு கிடைக்கவில்லை. உத்தரகாசியிலிருந்து ஷரஃபுதீன் போனில் அழுதுகொண்டே சொன்னது இவ்வளவுதான். மிச்சத்தை நேரில் வந்து சொல்கிறேன் என்றார்.

உடம்பில்லாமல் என்ன காரியம் செய்வது? போட்டோவை வைத்துத்தான் பதினாறாம் நாள் செய்தார்கள். வந்த சொந்தம் எல்லாம் அன்றைக்கு ராத்திரி பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டது. வீட்டில் இரண்டே பேர்.

அன்றைக்குத்தான் முதல் தடவை.

மூணே முக்கால். அய்யாதுரைக்குப் பழக்கத்தில் விழிப்புத் தட்டியது. மின்விசிறி சுற்றுகிற சத்தம்… தூரத்தில் கோடம்பாக்கம் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி… அப்புறம்,

டக்… டக்… டக்… கீச்.

அவர் அசையவில்லை. பக்கத்தில் பேச்சியம்மாளும் அசையவில்லை. ஆனால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பது அவருக்குத் தெரிந்தது. சத்தம் ஏறி ஏறி வந்தது. ஐம்பத்து மூன்றாவது படியில் நின்றது. கதவிடுக்கு வழியாகக் குளிர் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. ஜூன் மாசத்து மெட்ராஸில், கண்ணுகளா. கூடவே ஒரு வாசனை. கருகின தலைமுடி வாசனை…

பால் வண்டி வருகிற வரைக்கும் அது அங்கேயே நின்றது.

விடிந்தது. பேச்சியம்மாள் வாசல் தெளித்துவிட்டு வந்து, "ராத்திரி ஏதாவது கேட்டியளா?" என்றாள். "இல்ல," என்றார். "நானும் கேக்கல," என்றாள்.

இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாளும் வந்தது. நாலாம் நாள் காலையில் சுப்பராமன் மாமா மாடி ஏறி வந்தார். முந்தின நாள் சாயந்தரம்தான் பம்பாயிலிருந்து திரும்பியிருந்தார். வீட்டில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கையில் ஹல்வா டப்பா.

"என்ன அய்யாதுரை, பொண்ணு மலையெல்லாம் ஏறிட்டு வந்துட்டா போலருக்கே? காலங்கார்த்தால ஆரம்பிச்சுட்டா, அதே கீச் கீச். வரச்சொல்லுங்கோ, ஹல்வா கொண்டு வந்திருக்கேன்."

பேச்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாமா கண்ணில் அப்போதுதான் மாலை போட்ட போட்டோ பட்டது.

அதற்கப்புறம் கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் ஒளிக்கவில்லை. ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, கூடத்தில் பாயை விரித்துக் காத்திருந்தார்கள். கதவைத் திறந்து பார்த்தால் படியில் யாரும் இல்லை. மூடினால் மறுபடி அந்தக் குளிர் வந்து நிற்கிறது. எதற்கு அந்த ஒரு படியை மட்டும் ஏறாமல் நிற்கிறாள்? பெற்ற வீட்டுக்குள் வர என்ன தடை? அய்யாதுரை நினைத்து நினைத்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

இருபத்து இரண்டாம் நாள் சாயந்தரம் ஷரஃபுதீன் வந்தார். கம்பை ஊன்றி, மூன்று மாடியும் நின்று நின்று ஏறினார். வலது காலில் பெரிய கட்டு. பனியில் மரத்துப்போன இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம்.

கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல் கூடாரத்துலேர்ந்து கிளம்பினோம் சார். எல்லாரும் ஒரே கயித்து வரிசை. நல்லாத்தான் ஏறினா. எல்லாரையும்விட நல்லா ஏறினா. ரெண்டு மணி வாக்குல, முன்னாடி போனவருக்கு பூட்ஸ்ல மாட்டுற இரும்பு முள்ளு கழண்டுடுச்சு. அதை மாட்டிவிட இவ வெளிக் கையுறையைக் கழட்டினா. காத்து பிடுங்கிட்டுப் போயிடுச்சு. உள்ள போட்டிருந்தது மெல்லிசு, நனைஞ்சு கட்டையாயிடுச்சு. 'மூணாவது ஜோடியை எடும்மா'ன்னேன். 'இல்ல சார்'னா."

அய்யாதுரை கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடது சார். சென்ட்ரல்லயே பையைத் திறந்து எல்லாருக்கும் பாத்தேன். இவளைக் கேட்டேன். 'வந்துரும் சார்'னா. ரயில் கிளம்பற வரைக்கும் கதவாண்டயே நின்னுட்டிருந்தா. யாரோ கொண்டாந்து தருவாங்க போலன்னு விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது. அன்னைக்கு மலையில அந்தக் கையைத் தேச்சு விட்டுக்கிட்டே கேட்டேன், ஏம்மா இல்லாம வந்தேன்னு…"

அவர் நிறுத்தினார். பேச்சியம்மாள்தான், "சொல்லுங்க அண்ணே," என்றாள்.

"சிரிச்சா. 'எங்கப்பா எனக்காக வாங்கி செருப்பு ஸ்டாண்டு மேல வெச்சிருந்தாரு சார். பாத்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டு, எடுத்துட்டுப் போன்னு சொல்லுவாருன்னு நின்னேன். கீழ ஆட்டோவைக்கூட நிறுத்தி வெச்சிருந்தேன். கூப்பிடல. அதான் நானும் எடுக்கல'ன்னா."

பேச்சியம்மாள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"என் காலுறை ஒண்ணை உருவி அவ கையில மாட்டி, நம்ம மலைக்கார ஆள் ஒருத்தரைக் கூட விட்டுக் கீழ அனுப்பினேன். ஒரு இடத்துல வலது கையால கயித்தைப் பிடிச்சுத்தான் இறங்கணும். விரல் மடங்கல போலருக்கு. கூடப் போனவர் திரும்பிப் பாக்கிறார், கயிறு மட்டும் ஆடுது. அப்போ மணி மூணே முக்கால்."

அவர் போனபிறகு அய்யாதுரை சட்டையை மாட்டிக்கொண்டு தி. நகருக்குப் போனார். கடையைத் திறந்தார், டிராயரைத் திறந்தார், கையுறையை எடுத்துக்கொண்டு வந்தார். செருப்பு ஸ்டாண்டின் மேல், அன்றைக்கு வைத்த அதே இடத்தில் வைத்தார். பக்கத்தில் நாற்காலியைப் போட்டார்.

பேச்சியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம். செத்தவுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது."

"ஒரு தடவை கூப்பிடாம இருந்துதான பேச்சி இப்படி ஆச்சு."

"நான் சொல்லுதது ஒங்களுக்கு வெளங்கலியே." அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் வாரா. படி வரைக்குமாவது வாரா. எனக்கு அது போதும். நீங்க கூப்பிட்டு, அவ வந்தது முடிஞ்சி போச்சின்னா? நாளைக்கி ராத்திரி நான் எதுக்கு முழிச்சிருப்பேன்?"

அவர் அவள் விரல்களை மெதுவாகப் பிரித்து விட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். இதோ, ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த ராத்திரி. கதவு அகலத் திறந்து கிடக்கிறது. மூணே முக்கால்.

டக்… டக்… டக்… கீச்.

ஐம்பத்து மூணு. நின்றாயிற்று. குளிர் வந்து அவர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. வாசனை வந்தது. படியில் யாரும் தெரியவில்லை. குண்டு பல்பு வெளிச்சத்தில் வெறும் சிமெண்டு.

அவள் பேரைச் சொல்லி மூன்று மாசம் ஆகப்போகிறது. நாக்கு எழவில்லை. பேச்சியம்மாள் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டுவிட்டாள்.

"தீபு," என்றார்.

குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொன்னார்.

"ஏட்டி தீபு… இதை எடுத்துட்டுப் போம்மா. அங்க குளிரும்."

வா என்று சொல்லவில்லை, பாருங்க. அன்றைக்குச் சொல்லவேண்டியிருந்ததை, அப்படியே சொன்னார்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம்… ஒரு கீச்.

ஐம்பத்து நாலாவது படி.

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். முழங்காலை உரசிக்கொண்டு ஒரு குளிர் குனிந்தது. செருப்பு ஸ்டாண்டின் தகரத்தில் கம்பளி உரசுகிற மெல்லிய சத்தம். அவர் நெற்றியில், ஒரே ஒரு விநாடி, ஈரமாக ஏதோ பட்டது. மறுபடி பூட்ஸ் சத்தம். ஆனால் கனமாக இல்லை. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குவாளே, அப்படி. தடதடவென்று கீழே போயிற்று.

தெருவில் ஒரு ஆட்டோ புறப்படுகிற சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் பால்கனிக்கு ஓடினார்கள். தெரு காலி. விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. நாய் கூடத் தலை தூக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், செருப்பு ஸ்டாண்டின் மேல் கையுறை இல்லை.

பேச்சியம்மாள் அந்த வெறும் இடத்தைத் தடவிப் பார்த்தாள். "அனுப்பிட்டியளே," என்றாள். கோபமில்லை. அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் ராத்திரி சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இருந்தாலும் இரண்டு பேரும் மூணே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். சுப்பராமன் மாமா ஒரு நாள் படியில் அய்யாதுரையைப் பார்த்து, "இப்பல்லாம் எனக்கு ஆறு மணி வரைக்கும் தூக்கம் கலையறதே இல்லை," என்று சொன்னவர், அவர் முகத்தைப் பார்த்ததும் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாராம்.

ஒரு வருஷம் ஓடியது.

அடுத்த ஜூன் கடைசியில், ஒரு மத்தியானம், ஷரஃபுதீன் மறுபடி வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அந்த வருஷம் பனி அதிகமாக உருகிப் பிளவு வாய் திறந்துவிட்டதாம். மலைக்கார ஆட்கள் உள்ளே அவள் கிடப்பதைப் பார்த்துச் சொல்லியனுப்ப, தானே போனாராம். அங்கிருந்து கீழே கொண்டுவர வழியில்லை. மேலேயே, கல் அடுக்கி, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தார்.

"தூங்கற மாதிரிதான் சார் இருந்தா. ஒண்ணும் ஆகல முகத்துக்கு."

பேச்சியம்மாள் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

ஷரஃபுதீன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். வாட்ச். தலைக்குக் கட்டுகிற விளக்கு. ஒரு கனத்த காலுறை, நாலாக மடித்தது.

"இது என்னோடது. நான்தான் அவ கையில மாட்டினேன். மடிச்சு அவ பாக்கெட்ல இருந்தது." அவர் குரல் தணிந்தது. "கையில வேற போட்டிருந்தா சார். ரெண்டு கையிலயும். நானே கழட்டினேன். இது இல்லன்னுதானே… இல்லன்னுதானே அன்னைக்கு…"

மெரூன் கலர் கையுறை, ஒரு ஜோடி. வலது மணிக்கட்டில் நீல நூல் முடிச்சு.

ஷரஃபுதீன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாதுரை அந்த முடிச்சைக் கட்டைவிரலால் தடவினார். பல்லால் கடித்த நுனி அப்படியே இருந்தது. மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, துணிக்கடையில் தலையணை உறைக்குள் கைவிட்டுத் தையல் பார்ப்பாரே, அந்தப் பழக்கத்தில், வலது கையுறைக்குள் தன் கையை விட்டார்.

பாதி போய் நின்றார்.

வெளியே ஜூன் மாசத்து வெயில், ஜன்னல் கம்பி சுடுகிறது. கையுறைக்குள் சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு அசைந்தது. ஒவ்வொரு விரலாக வந்து, அவர் விரல்களுக்கு நடுவில் கோத்துக்கொண்டது.

"சின்னதா இருக்கா சார்?" என்றார் ஷரஃபுதீன்.

அய்யாதுரை தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

பேச்சியம்மாள் டம்ளரோடு வந்து நின்றாள். "கையை எடுங்க. டீ ஆறுது."

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி சொன்னார்.

"கொஞ்சம் பொறு பேச்சி… இப்பத்தான் புடிச்சிருக்கா."